குறையும் தேவை, குறையாச் செலவு

நுழையும்முன்

நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது பள்ளியில் கற்பிக்கப்படும் முதல் அறங்களுள் ஒன்று. அவ்வறத்தை ஊரார் அனைவரும் பின்பற்றி நீர்ப் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டால், அந்நீரை வழங்கும் அமைப்பின் வரவும் செலவும் என்னவாகும்? எளிமையாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் பொருளியலும் பொறியியலும் சமூக நீதியும் அடங்கியுள்ளன. அவற்றைக் காஞ்சிபுரத்தில் தொடங்கித் திருப்பூர் வழியாக உலக நகரங்கள் வரை சென்று விளக்குகிறது இக்கட்டுரை.

நீரைத் தேடிய நகரம்

காஞ்சிபுரம் நீரின் அருமையை நன்கறிந்த நகரம். மழை பொய்த்துக் காஞ்சி நகர் பசியால் வாடியதையும் மணிமேகலை அங்குச் சென்று பசிப்பிணி தீர்த்ததையும் மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. சர்வ தீர்த்தம், அனந்தசரசு முதலிய திருக்குளங்களும், நகரைச் சூழ்ந்த ஏரிகளும் மழைநீரைத் தேக்கி வைக்க முன்னோர் கண்ட வழிகள். ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் காட்சியளிக்கும் பாலாறு, தன் மணலுக்கடியில் நீரைச் சுமந்து செல்கிறது. ஆற்றுப்படுகையில் கிணறுகள் தோண்டி அந்நீரை இறைத்துக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவருவது பாலாற்றங்கரை நகரங்களின் வழக்கம்.

கோயிலைப் போலவே தறியும் நீரை நம்பி வாழ்வது. பச்சைப் பட்டு நூலில் இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கும். அதனைக் கொதிநீரில் இட்டு நீக்கிய பின்னரே நூல் மென்மையும் பளபளப்பும் பெறும். பின்பு சாயத் தொட்டியில் தோய்த்து, மிகுந்த சாயம் நீங்கும் வரை மீண்டும் மீண்டும் அலச வேண்டும். பாலாற்று நீரே காஞ்சிப் பட்டுக்கு மெருகூட்டுகிறது என்பது நெசவாளரிடையே வழிவழியாக நிலவும் நம்பிக்கை.

இத்தகைய ஊரில் நீர்ப் பற்றாக்குறை என்ற சொல் யாவர்க்கும் விளங்கும். நீருக்குரிய தேவை குறைவதும் ஒரு சிக்கலாகும் என்று கூறினால் எவரும் வியப்படைவர். ஆயினும் உலகின் பல நகரங்களில் குடிநீர் வாரியங்கள் இன்று எதிர்கொள்ளும் சிக்கல் அதுவே. தமிழ்நாட்டிலும் அதற்கு ஒரு சான்று உண்டு.

நீரின் விலையா? குழாயின் விலையா?

ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு ஒரு குடும்பம் செலுத்தும் கட்டணத்தில் நீருக்கென உள்ள பங்கு மிகச் சிறியது. ஆற்றுப்படுகைக் கிணறு, நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, தெருத்தோறும் புதைக்கப்பட்ட குழாய்கள், இவற்றைப் பேணும் பணியாளர்கள், இவற்றை அமைப்பதற்காகப் பெற்ற கடனுக்குரிய வட்டி ஆகியனவே செலவின் பெரும்பகுதி. ஊரார் ஒரு குடம் நீர் எடுத்தாலும் பத்துக் குடம் எடுத்தாலும் இச்செலவு மாறுவதில்லை. இதனை நிலைச்செலவு என்பர். நீரை இறைப்பதற்கான மின்சாரம், தூய்மையாக்கப் பயன்படும் குளோரின், படிகாரம் போன்றவற்றுக்கான செலவே நீரின் அளவுக்கேற்பக் கூடும் அல்லது குறையும். இது மாறுசெலவு எனப்படும்.

குழாய்களும் தொட்டிகளும் சாதாரண நாளின் தேவைக்கு ஏற்ப மட்டும் அமைக்கப்படுவதில்லை; மிகுதியான தேவை ஏற்படும் நாளைக் கருதியும் அமைக்கப்படுகின்றன. காஞ்சிபுரத்தில் வைகாசிக் கருடசேவை நாளில் கூடும் மக்கள் திரளையும், திருமண முகூர்த்த நாள்களில் பட்டு வாங்க வருவோரையும் ஊரின் நீர் அமைப்பு தாங்க வேண்டும். அந்நாள்கள் கழிந்த பின்னரும் அக்குழாய்களையும் தொட்டிகளையும் ஆண்டு முழுவதும் பேண வேண்டியுள்ளது.

தெரியுமா?

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்தில் வைக்கப்பட்டுள்ள அத்திவரதர் திருவுருவம் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்யப்படுகிறது. 1979ஆம் ஆண்டிற்குப் பின்னர் 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள்கள் இவ்விழா நடைபெற்றது. நகரின் மக்கள்தொகையைப் போலப் பன்மடங்கு மக்கள் அந்நாள்களில் காஞ்சிக்கு வந்து சென்றனர். ஓர் ஊரின் நீர்த்தேவை எத்துணை ஏற்ற இறக்கம் உடையது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

ஒரு கணக்கு

இச்சிக்கலை எளிய கணக்கொன்றால் உணரலாம். ஒரு நகரில் 10,000 குடிநீர் இணைப்புகள் உள்ளன என்றும், ஒவ்வோர் இணைப்பும் மாதம் 10 கிலோலிட்டர் நீரைப் பயன்படுத்துகிறது என்றும் கொள்வோம். ஒரு கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். எனவே மாத விற்பனை 1,00,000 கிலோலிட்டர். நிலைச்செலவு 8 இலட்சம் ரூபாய். மாறுசெலவு 2 இலட்சம் ரூபாய். கிலோலிட்டருக்கு 10 ரூபாய் கட்டணம் பெற்றால் வரவு 10 இலட்சம் ரூபாயாகும். வரவும் செலவும் சமன்படும்.

மக்கள் சிக்கனத்தை மேற்கொண்டு பயன்பாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கின்றனர். விற்பனை 80,000 கிலோலிட்டராகிறது. வரவு 8 இலட்சமாகக் குறைகிறது. மாறுசெலவு மட்டுமே 1.6 இலட்சமாகக் குறைவதால் மொத்தச் செலவு 9.6 இலட்சமாக நிற்கிறது. மாதந்தோறும் 1.6 இலட்சம் ரூபாய் பற்றாக்குறை.

இதனை ஈடுசெய்யக் கட்டணத்தை 12 ரூபாயாக உயர்த்துகின்றனர். சிக்கனமாக இருந்ததற்குப் பரிசு கட்டண உயர்வா என்று மக்கள் சினம் கொள்கின்றனர். வசதியுள்ளோர் ஆழ்துளைக் கிணறு அமைத்துக்கொண்டு குழாய்நீரை விட்டு விலகுகின்றனர். விற்பனை 60,000 கிலோலிட்டராகச் சரிகிறது. அப்போது செலவு 9.2 இலட்சம். அதனை ஈடுசெய்யக் கிலோலிட்டருக்கு 15 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும். ஒவ்வோர் உயர்வும் மேலும் சிலரை வெளியேற்றும். இறுதிவரை குழாயடியில் நிற்பவர், கிணறு தோண்ட நிலமும் பணமும் இல்லாத ஏழையே. ஊருக்கென அமைத்த குழாயின் முழுச்சுமையும் அவர் தோளில் ஏறுகிறது. இதனால் தேவைக் குறைவு என்பது கணக்கரின் கவலையாக மட்டும் நின்றுவிடாமல் நீதி சார்ந்த சிக்கலாகவும் மாறுகிறது.

திருப்பூர் கற்பித்த பாடம்

மேற்கண்ட கணக்கு கற்பனை. அதன் உண்மை வடிவத்தைத் திருப்பூரில் காணலாம். காஞ்சியின் பட்டைப் போலவே திருப்பூரின் பின்னலாடையும் சாயத்தையும் நீரையும் நம்பியது. ஆனால் அதன் அளவு மிகப் பெரியது. ஏற்றுமதி பெருகிய காலத்தில் சாயப்பட்டறைகள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணற்று நீரை லாரிகளில் வாங்கிப் பயன்படுத்தின. இந்நிலையை மாற்ற 1995ஆம் ஆண்டில் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்னும் நிறுவனம் அரசும் தனியாரும் இணைந்து தோற்றுவிக்கப்பட்டது. பவானி ஆற்றிலிருந்து நாள்தோறும் 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டம் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறியது. 2005ஆம் ஆண்டில் நீர் வரத் தொடங்கியது. இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் அமைந்த முன்னோடிக் குடிநீர்த் திட்டங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது.

அத்திட்டத்தின் வருவாய் பெரும்பாலும் சாயத்தொழிலையே நம்பியிருந்தது. தொழிற்கூடங்களுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் எனத் தொடக்கத்தில் விலை குறிக்கப்பட்டது. நகர மக்களுக்கும் வழியிலுள்ள சிற்றூர்களுக்கும் அதில் ஒரு சிறு பகுதியே விலை. தொழில் தரும் மிகுவருவாய் வீடுகளின் குறைகட்டணத்தை ஈடுசெய்யும் என்பது திட்டமிட்டோரின் எதிர்பார்ப்பு.

அவ்வெதிர்பார்ப்பைத் தகர்த்தது நொய்யலாற்றின் துயரம். சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதி வேளாண்மை பாழ்பட, உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2006ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டது. அது முழுமையாக நிறைவேறாத நிலையில் 2011ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது நீரை வாங்குவோரும் இல்லாமற்போயினர்.

பின்னர்ப் பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின. ஆயினும் பழைய தேவை திரும்பவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர் சவ்வூடு பரவல் முறையில் கழிவுநீரிலிருந்து பெரும்பகுதி நீரைப் பிரித்தெடுத்துப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்பின. ஒரே நீர் மீண்டும் மீண்டும் சாயத்தொட்டிக்குள் சென்றது. ஆவியாகவும் கசடாகவும் இழந்த அளவுக்கு மட்டுமே புதுநீர் தேவைப்பட்டது. ஆற்றுக்கு இது நற்செய்தி. ஆற்றுநீரை விற்று கடனை அடைக்க எண்ணிய நிறுவனத்துக்குப் பேரிழப்பு.

அந்நிறுவனம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடன் தவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. தொழிலுக்கென ஒதுக்கிய நீர் வளர்ந்துவரும் நகரின் வீடுகளை நோக்கித் திருப்பப்பட்டது. நீர் வீணாகவில்லை, ஆனால் வீட்டுக் கட்டணம் குறைவானது என்பதால் அதே அளவு நீர் பழைய வருவாயைத் தரவில்லை. ஒரே தொழிலை, ஒரே வகை வாடிக்கையாளரை நம்பித் தீட்டும் நீர்த்திட்டம் எளிதில் தடுமாறும் என்பதே திருப்பூர் கற்பித்த பாடம்.

உலக நகரங்களின் பட்டறிவு

செருமனியின் இரு பகுதிகளும் 1990ஆம் ஆண்டில் இணைந்தபோது அந்நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 147 லிட்டர் நீரைப் பயன்படுத்தினார். இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 122 லிட்டராகக் குறைந்தது. கிழக்குப் பகுதியில் பழைய ஆலைகள் மூடப்பட்டு, இளைஞர்கள் மேற்கு நோக்கிப் பெயர்ந்தமையால் சில நகரங்களில் வீழ்ச்சி மிகக் கடுமையாக இருந்தது. பெரிய நகருக்கென அமைத்த அகன்ற குழாய்களில் நீர் மெல்ல ஊர்ந்தது. குழாயில் நெடுநேரம் தங்கும் நீர் புதுமையை இழக்கும். கிருமி வளர இடமளிக்கும். எனவே சேமித்த நீரைக் கொண்டே குழாய்களை அலச வேண்டிய முரண்நிலை உருவாயிற்று. பெர்லின் நகரில் நிலத்தடி நீரை இறைப்பது குறைந்ததால் நீர்மட்டம் உயர்ந்து கட்டடங்களின் நிலவறைகளில் நீர் புகுந்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018ஆம் ஆண்டில் கொடிய வறட்சியைச் சந்தித்தது. குழாய்கள் முற்றிலும் வறளும் நாளை அங்குச் 'சுழிய நாள்' எனக் குறித்து அஞ்சினர். மக்கள் பெருமுயற்சி செய்து நகரின் நீர்ப் பயன்பாட்டை மூன்றாண்டுகளுக்கு முன்பிருந்த அளவில் பாதிக்கும் கீழே கொண்டுவந்தனர். நகரம் தப்பியது, ஆனால் நீர் வருவாய் சரிந்தது. குழாயின் விட்டத்திற்கேற்ப மாதந்தோறும் ஒரு நிலைக்கட்டணத்தை மாநகராட்சி விதித்தபோது, நகரைக் காத்த மக்களே மனம் வெதும்பினர்.

ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலோ, நெடிய வறட்சியின்போது தொடங்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2012ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டபோது மழை பெய்து அணைகள் நிரம்பியிருந்தன. நீர் வாங்காத ஆண்டுகளிலும் அந்நிலையத்திற்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது.

மாற்றத்திற்கேற்ற வழிகள்

இப்பட்டறிவுகளிலிருந்து நீர் வழங்கும் அமைப்புகள் சில வழிகளைக் கண்டறிந்துள்ளன.

முதலாவது, கட்டண முறையைச் சீரமைத்தல். இணைப்புக்கென ஒரு நிலைக்கட்டணமும் பயன்படுத்தும் அளவுக்கென ஒரு கட்டணமும் பெறுவது இருபகுதிக் கட்டண முறையாகும். முன்னர்க் கூறிய நகரில் இணைப்புக்கு 40 ரூபாயும் கிலோலிட்டருக்கு 6 ரூபாயும் பெறுவதாகக் கொள்வோம். விற்பனை 80,000 கிலோலிட்டராகக் குறையும்போது வரவு 8.8 இலட்சம் ரூபாய். பற்றாக்குறை 1.6 இலட்சத்திலிருந்து 0.8 இலட்சமாக, அதாவது பாதியாகக் குறைகிறது. எனினும் நிலைக்கட்டணத்தை அளவின்றி உயர்த்துதல் தீது. மாதம் 4 கிலோலிட்டர் மட்டுமே பயன்படுத்தும் சிறு குடும்பம் முன்பு 40 ரூபாய் செலுத்தியது. இருபகுதி முறையில் அது 64 ரூபாயாகிறது. நிலைச்செலவு முழுவதையும் இணைப்புகளின்மீது ஏற்றினால் அதுவே 88 ரூபாயாகிவிடும். ஆகவே குறைந்த அளவு பயன்படுத்துவோருக்குச் சலுகையும் மிகுதியாகப் பயன்படுத்துவோருக்குக் கூடுதல் கட்டணமும் உடனிணைந்தால்தான் அம்முறை நீதியுடையதாகும்.

இரண்டாவது, கசிவைத் தடுத்தல். விற்பனை குறையும்போது, விற்காமலே மண்ணில் ஒழுகும் நீரை மீட்பது செலவைக் குறைக்கும் நேரிய வழி. சப்பானின் தோக்கியோ நகரம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐந்தில் ஒரு பங்காக இருந்த நீர்க்கசிவைப் பல்லாண்டு உழைப்பால் ஏறத்தாழ 3 விழுக்காடாகக் குறைத்தது. இரவின் அமைதியில் ஒலி கேட்கும் கருவிகளைத் தரையில் வைத்துக் கசிவைக் கண்டறியும் பணியாளர்களின் திறம் அதற்குப் பெருந்துணை.

மூன்றாவது, அளவறிந்து கட்டுதல். பழுதுற்ற பெருங்குழாயை மாற்றும்போது இன்றைய தேவைக்கேற்ற சிறுகுழாயைப் பதிக்கலாம். புதிய நிலையங்களை ஒரே மூச்சில் கட்டாமல், தேவை வளர வளரப் படிப்படியாக விரிக்கலாம்.

நான்காவது, சிறிய அமைப்புகளை இணைத்தல். மக்கள்தொகை குறைந்துவரும் சப்பான், ஊர்தோறும் தனித்தனியே இயங்கும் நீர் அமைப்புகள் ஒன்றிணைவதை ஊக்குவிக்க 2018ஆம் ஆண்டில் தன் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியது. ஆய்வகம், பணியாளர், உதிரிப்பொருள் ஆகியவற்றைப் பல ஊர்கள் பகிர்ந்துகொண்டால் நிலைச்செலவும் பகிரப்படும். தமிழ்நாட்டின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் இவ்வகைப் பகிர்வின் அடிப்படையிலேயே அமைந்துள்ளன.

ஐந்தாவது, புதிய பணிகளை மேற்கொள்ளுதல். சென்னைப் பெருநகர்க் குடிநீர் வாரியம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை தூய்மையாக்கும் நிலையங்களை 2019ஆம் ஆண்டில் இயக்கத் தொடங்கியது. கோயம்பேட்டில் தூய்மையாக்கிய நீர், காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பேட்டைகளுக்குக் குழாய் வழியே செல்கிறது. தொழிற்கூடங்கள் நன்னீர் வாங்குவது குறைந்தாலும், தூய்மையாக்கிய நீரை வாரியத்திடமே வாங்குகின்றன. இவ்வாறு வருவாயும் நிலைக்கிறது. ஏரிநீரும் மக்களுக்கு மிஞ்சுகிறது. திருப்பூரின் சிக்கலுக்கு இதனை ஒரு விடையாகக் கருதலாம்.

காஞ்சிக்கு உரிய கடமை

2021ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்திற்கு இவை அனைத்தும் எவ்வகையில் பொருந்தும்? தமிழ்நாட்டின் பெரும்பாலான நகரங்களில் வீட்டு இணைப்புக்கு மாதந்தோறும் ஒரே அளவான கட்டணமே பெறப்படுகிறது. இம்முறையில் வீட்டார் நீரைச் சேமித்தாலும் வருவாய் உடனே குறைவதில்லை. சேமிக்க வேண்டும் என்னும் தூண்டுதலும் இல்லை. அளவுமானிகள் பொருத்தப்படும் காலத்தில் இரண்டும் ஒருங்கே வரும். அதற்கு முன்பே கட்டணத்தை நீதியுடன் வகுத்துக்கொள்ளும் ஊர், திருப்பூரும் கேப் டவுனும் பட்ட இன்னலைத் தவிர்க்கலாம்.

தேவை குறைவதன் மற்றொரு வடிவம் தமிழக நகரங்களில் முன்னரே காணப்படுகிறது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர், புழக்கத்திற்கு ஆழ்துளைக் கிணறு என வசதியுள்ள வீடுகள் பொதுக்குழாயை மறந்து வாழ்கின்றன. குழாய்நீரின் தூய்மையில் ஐயமுற்று விலகுபவரை நம்பிக்கையால்தான் திரும்ப அழைக்க முடியும். நீரின் தரத்தை முறையாக ஆய்ந்து, முடிவை ஊரறிய வெளியிட்டு, சொன்ன நேரத்தில் நீரை வழங்கும் அமைப்பை மக்கள் கைவிடமாட்டார்கள். விலகியோரும் அருந்தும் நிலத்தடி நீர், ஊருக்குப் பொதுவான அதே பாலாற்றையும் ஏரிகளையும் சார்ந்தது என்பதும் எண்ணத்தக்கது.

குறைவாகப் பயன்படுத்தப்படும் நீர் ஆற்று மணலிலும் ஏரியிலும் தங்குகிறது. வறண்ட ஆண்டில் அது ஊரைக் காக்கும். இந்த ஆதாயம் வாரியத்தின் வரவேட்டில் பதிவாவதில்லை. இழப்பு மட்டுமே பதிவாகிறது. எனவே எவ்வளவு நீர் விற்றது என்பதைக் கொண்டு ஒரு நீர் அமைப்பை அளத்தல் பொருந்தாது. எத்தனை வீடுகளுக்குத் தூய நீர் தடையின்றிச் சென்றது, எவ்வளவு நீர் கசியாமல் காக்கப்பட்டது, கடைக்கோடித் தெருவின் ஏழைக் குடும்பம் தாங்கும் விலையில் அது கிடைத்ததா என்பனவே உரிய அளவுகோல்கள். அவற்றுக்கேற்பக் கணக்கை எழுதக் கற்றுக்கொள்ளும் ஊரில், மக்களின் சிக்கனம் ஊர்க்குழாயை வலுப்படுத்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்குக் குடிநீர் எந்த ஆற்றிலிருந்து அல்லது ஏரியிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அது வரும் வழியைப் படமாக வரைக.
2. கட்டுரையில் இடம்பெற்ற கணக்கில் விற்பனை 70,000 கிலோலிட்டராகக் குறைந்தால் வரவும் செலவும் என்னவாகும் எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.
3. 'நீர்க்கட்டணத்தில் நிலைக்கட்டணம் தேவையா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.